செல்ஃப் எடுக்குமா? ஓடாத காரும் பேட்டரியின் கதையும்

பேட்டரியைப் பற்றி எழுத பி.காம். படித்த பேங்க்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக நான் பார்ப்பது டெபாசிட், வித்ட்ராயல், மினிமம் பேலன்ஸ், யாரும் தொடாமல் செத்துக் கிடக்கும் அக்கவுண்ட், இவைதான். கார் பேட்டரியும் அதே சமாச்சாரம்தான். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். எங்க ஊர் மலை டீயாக இருந்தால் இன்னும் நல்லது :-)

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. நான் இருப்பது மஸ்கட். அப்பா அம்மா இருப்பது வண்டிப்பெரியார். வீட்டு முன்னால் ஒரு சின்ன கார். அப்பா அதை மாதத்தில் இரண்டு தடவை குமுளிக்கு எடுத்தால் அதிகம். ஆனால் ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி என்றால், கீழே கோட்டயமோ அந்தப் பக்கம் தேனியோ போக அதுதான் கதி. சும்மா நிற்கும் வண்டி, எடுக்கும்போது எடுத்தே ஆகவேண்டும். இதை எப்படிச் சாதிப்பது என்று தேடப்போய், பேட்டரியின் சரித்திரமே கையில் கிடைத்தது.

சார்ஜ் இறங்கினால் மறுபடி ஏற்றிக்கொள்ளும் முதல் பேட்டரியை 1859-ல் பிரான்ஸ் நாட்டு காஸ்தோன் பிளாந்தே செய்தார். இரண்டு ஈயத் தகடு, நடுவில் துணி, சுருட்டி கந்தக அமிலத்தில் வைத்தார். அவ்வளவுதான். 1881-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் கமீல் ஃபோர், தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசினார். கொள்ளளவு கூடியது, தொழிற்சாலையில் செய்வதும் சுலபமானது. இன்றைக்கு நம் கார் பானட்டுக்குள் இருப்பதும் அடிப்படையில் இந்த ஈயம்-அமிலம் ஜோடிதான்.

ஆனால் முதலில் வந்த பெட்ரோல் கார்களை ஸ்டார்ட் பண்ண பேட்டரி உதவவில்லை. முன்னால் ஹேண்டிலைச் செருகி கையால் சுற்றவேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால்தான் 1900-களின் ஆரம்பத்தில் அமெரிக்க நகரங்களில் எலக்ட்ரிக் கார்களுக்கு நல்ல மவுசு இருந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. சார்ல்ஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர் ஒஹையோ மாநிலம் டேட்டனில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடைகளில் இருக்கும் கல்லாப் பெட்டி மெஷினுக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர் அவர். காரை மோட்டாரால் சுற்றுவதென்றால் மோட்டார் பெரிதாக இருக்கும், ஓடிக்கொண்டே இருக்க பேட்டரியும் பெரிதாக வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கெட்டரிங்குக்கு கல்லாப் பெட்டி ஞாபகம் வந்தது. அந்த மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒரு நொடி முழு பலத்தோடு சுற்றிவிட்டு ஓய்வெடுக்கும். கார் ஸ்டார்ட்டரும் அப்படித்தானே? சின்ன மோட்டார், சில நொடி, ஏராளமான கரண்ட். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் எடுத்த கரண்டை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1912 மாடல் காடிலாக் காரில் இது வந்தது. கவனியுங்கள், இது சேமிப்பு அல்ல, ஓவர்டிராஃப்ட்! எடுத்த கையோடு திருப்பிக் கட்டவேண்டும். வண்டி தினமும் ஓடும் என்ற நம்பிக்கையில் போட்ட ஏற்பாடு அது. நம் எல்லாத் தலைவலிக்கும் வேர் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் இன்றைய எக்ஸைட் கம்பெனி 1947-ல் அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் என்ற பெயரில் பதிவானது. பிறகு குளோரைடு இந்தியா ஆகி, 1995-ல் எக்ஸைட் ஆனது. ஆனாலும் நம் ஆட்கள் பேட்டரியை முழுசாக நம்பியதில்லை. அம்பாசடரோடு ஹேண்டிலும் வந்தது. மலைக்காரர்களுக்கு அதைவிட நல்ல உபாயம் ஒன்று உண்டு. எஸ்டேட் ரோட்டில் வண்டியை மேட்டில், மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா, பிரேக்கை விட்டு உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை டக்கென்று விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சரிவே பேட்டரி. சமவெளிக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டும்.

பழைய வண்டிக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. சாவியை அணைத்தால் எல்லாமே அணைந்துவிடும். 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாடு விதிகள் வந்து, கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் வந்தது. கூடவே கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு. இவை வண்டி தூங்கும்போதும் விழித்திருக்கும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கிடையாது. அப்போது எவ்வளவு இறக்கத்தில் உருட்டினாலும் பலனில்லை. மேட்டில் நிறுத்தும் வித்தை அத்தோடு முக்கால்வாசி முடிந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சின்ன காரின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி. நிற்கும் வண்டி 30 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72, ஒரு வாரத்துக்கு 5, இருபத்து நாலு நாளில் பாதி பேலன்ஸ் காலி. அதற்கு மேல் செல்ஃப் எடுக்குமா என்பது சந்தேகம்தான். இதில் பேட்டரி தானாகவே இழக்கும் சார்ஜைச் சேர்க்கவில்லை. சூடு கூடக்கூட அந்த இழப்பும் கூடும். மஸ்கட் வெயிலைவிட வண்டிப்பெரியார் குளிர் இந்த வகையில் பேட்டரிக்கு நல்லது.

2020 மார்ச் 25 முதல் மே 31 வரை நாடு முழுவதும் ஊரடங்கு, 68 நாள். 68-ஐ 0.72-ஆல் பெருக்கினால் 49. இருப்பு வெறும் 35. அந்த ஜூனில் தெருவுக்குத் தெரு கார்கள் 'டக் டக்' என்று மட்டும் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

காலியானதைவிடப் பெரிய நஷ்டம், காலியாகவே விட்டு வைப்பது. சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப் படிகமாகிவிடும், பிறகு கரையாது. தவணை தாண்டிய கடனை அடுத்த மாதம் வசூலிக்கலாம், வாராக்கடன் ஆன பிறகு முடியாது. அதேதான்.

"வாரா வாரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுடா" என்று அப்பா என் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்திருந்தார். கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் எடுத்தாலும் மூன்று நொடிதான், அது 0.125 ஆம்பியர்-மணி. அது பெரிதல்ல. ஆனால் வாரத்தில் போனது 5. ஐடிலிங்கில் 10 ஆம்பியர் வீதம் ஏறினால் பத்து நிமிஷத்தில் வருவது ஒன்றரைச் சொச்சம். மீதி மூன்றரை வாராவாரம் துண்டு. ஐந்து வாரத்தில் பாதி பேலன்ஸ் போய்விடும். நின்ற இடத்தில் உறுமவிடுவதைவிட, அரை மணி, முக்கால் மணி குமுளி வரை ஓட்டிவிட்டு வருவது மேல்.

ஓட்ட முடியாது என்றால் வேறு வழிகள்:

ஒன்று, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பது. முதலில் கழற்றுவது நெகட்டிவ், கடைசியில் மாட்டுவதும் நெகட்டிவ். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். லீவில் ஊருக்குப் போகும் கல்ஃப்காரர்கள் பலர் செய்வது இது. ஆனால் ராத்திரி அவசரத்துக்கு வைத்திருக்கும் வண்டிக்கு இது சரிவராது.

இரண்டு, முழுச் சார்ஜ் ஆனதும் தானே குறைத்துக்கொள்ளும் சின்ன சார்ஜரை பிளக்கில் போட்டுவைப்பது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரிகளை எப்போதும் நிரம்பிய நிலையில் வைத்திருக்கும் அதே தத்துவம். வீட்டுக்கு நான் வாங்கிக் கொடுத்தது இதைத்தான்.

மூன்று, ஒரு மல்டிமீட்டர். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் சார்ஜ் போடும் நேரம். 12-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. பாஸ்புக் என்ட்ரி மாதிரி மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

இத்தனை கணக்கு எதற்கு என்றால், எங்கள் ஊரின் ராத்திரிகள் அப்படி. பெரியாறு ஊர் நடுவே ஓடுகிறது. மேலே 1895-ல் திறந்த முல்லைப்பெரியாறு அணை. 2018 ஆகஸ்ட் 15 விடியும் முன் மதகுகள் திறந்தபோது, கரையோர மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2021 டிசம்பரில் இரவில் தண்ணீர் திறந்து தாழ்வான வீடுகளுக்குள் புகுந்தது. அணை பலமா, பலவீனமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தண்ணீர் வாசலுக்கு வரும்போது கார் கிளம்பவேண்டும், அவ்வளவுதான்.

அந்த அணைக்கே ஒரு கதை உண்டு. 2000-ல் காட்டு யானை ஒன்று கம்பியில் அடிபட்டு இறந்ததை அடுத்து அணைக்குப் போன மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இருபது வருஷம் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட்டினார்கள். 2021 ஜனவரியில் வல்லக்கடவிலிருந்து மண்ணுக்கடியில் கேபிள் போட்டு மறுபடி மின்சாரம் வந்தது. அவ்வளவு பெரிய அணைக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டு கார் எம்மாத்திரம்?

இன்று வரும் எலக்ட்ரிக் கார்களில்கூட, பெரிய லித்தியம் பேட்டரியை எழுப்ப பெரும்பாலும் ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அது செத்தால் வண்டி கதவைக்கூடத் திறக்காமல் அடம்பிடிக்கலாம். ஆகவே ஊரில் நிற்கும் கார் யாருடையதாக இருந்தாலும், இந்த வாரம் போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு "வோல்ட் எவ்வளவு காட்டுது" என்றும் கேட்டு வையுங்கள். போன ஞாயிறு அப்பா சொன்னது 12.6.