வலிக்காத மஞ்சள் காமாலை

கணையம் இரைப்பைக்குப் பின்னாடி, ரொம்ப ஆழத்தில் ஒளிஞ்சிருக்கிற உறுப்பு. அதில் கட்டி வந்தா வயித்தை அமுக்கிப் பாத்தும் சுலபத்தில் தட்டுப்படாது. ஸ்கேன் இல்லாத காலத்தில் டாக்டர்கள் இதை எப்படிச் சந்தேகப்பட்டாங்கன்னு தேடினப்போ ரெண்டு பேர் கதை மாட்டுச்சு.

முதல் ஆள், பாரிஸ் டாக்டர் அர்மான் த்ரூஸோ. காரணமே இல்லாம ரத்தக்குழாயில் ரத்தம் உறைஞ்சு கை கால் வீங்கினா, உள்ளே எங்கேயோ புற்றுநோய் இருக்கலாம்னு 1860-களில் பாடம் நடத்தினவர். 1867-ல் அதே அறிகுறி அவருக்கே வந்தது. இனி பிழைக்கமாட்டோம்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த வருஷமே இரைப்பைப் புற்றுநோயில் இறந்துட்டார். இப்படி ரத்தத்தை உறைய வைக்கிற புற்றுநோய்களில் கணையப் புற்றுநோய்க்கு முன்வரிசை இடம்னு பின்னாடி தெரிஞ்சுது.

அடுத்தவர், சுவிட்சர்லாந்தின் பேசல் நகர அறுவை மருத்துவர் லூத்விக் கூர்வாசியே. நம்ம பாஷையில் சொன்னா, டேட்டா பார்ட்டி :-) பித்தநாளம் அடைபட்ட 187 பேரோட விவரத்தைத் தொகுத்து 1890-ல் புத்தகமா போட்டார். கல் அடைச்சிருந்தா பித்தப்பை பெரும்பாலும் சுருங்கிக் கிடந்தது. கட்டி மாதிரி வேற காரணம்னா உப்பியிருந்தது. அதனால காமாலையோட, வலியில்லாத பித்தப்பை வீக்கமும் கைக்குத் தட்டுப்பட்டா, அது கல்லா இருக்க வாய்ப்பு குறைவு. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் இன்னிக்கும் மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கறாங்க.

காரணம் ரொம்ப எளிமை. பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதி வழியா போகுது. அங்கே கட்டி வந்தா பாதை அடைபட்டு, பித்தம் ரத்தத்தில் ஏறிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். காரணமில்லாம எடை குறையறது, மேல்வயித்து வலி முதுகுக்குப் பரவறது, ஐம்பதுக்கு மேல திடீர்னு சர்க்கரை வர்றது, இதெல்லாமும் அந்தப் பட்டியல்தான்.

1935-ல் நியூயார்க் டாக்டர் ஆலன் விப்பிள் கணையத் தலையையே வெட்டி எடுக்கிற ஆபரேஷனை அறிவிச்சார். ஆனா நோய் பரவறதுக்கு முன்னாடி வந்தவங்களுக்குத்தான் அது உதவும். இன்னிக்கும் பெரும்பாலானவங்க அதுக்கப்புறம்தான் வர்றாங்க.

நம்ம ஊரில் காமாலைன்னா கீழாநெல்லி, பத்தியம்னு வாரக்கணக்கில் ஓட்டிடுவோம். "வலி ஒண்ணும் இல்லையே"ன்னு ஒரு சமாதானம் வேற. எல்லாக் காமாலையும் புற்றுநோய் இல்லை, நிஜம்தான். ஆனா வலி இல்லாததையே எச்சரிக்கையா எடுத்துக்கணும். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாச்சுன்னா, அந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பண்ணிடுங்க.