‘ஏதும் கேள்வி இருக்கோ?’

2022. எரிபொருள் தட்டுப்பாட்டால் எங்கட விரிவுரைகள் சூமுக்கு மாறியிருந்த நாட்கள். ஒரு மணித்தியாலம் முடிய விரிவுரையாளர் கேட்பார்: “ஏதும் கேள்வி இருக்கோ பிள்ளையள்?” எல்லாரும் மியூட். அஞ்சு செக்கன். “சரி, அடுத்த கிழமை சந்திப்பம்.”

சிக்னலும் எங்கட சோம்பலும்தான் காரணம் எண்டு நம்பியிருந்தோம். ஆனால் இந்த மௌனத்துக்கு எங்களை விட வயது கூட.

1982இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், வெஸ்டர்ன் பிஹேவியரல் சயன்சஸ் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனம் உயர் அதிகாரிகளுக்கான முகாமைத்துவக் கற்கைநெறி ஒன்றைக் கணினி வழியே தொடங்கியது. இணையவழிக் கல்வியின் முன்னோடி அது. வீடியோ இல்லை, குரல் இல்லை. தொலைபேசிக் கம்பியூடாக செக்கனுக்குச் சுமார் 30 எழுத்துகளை அனுப்பும் மோடம் மட்டுமே. இன்று ஒருவர் எழுதினால் நாளைக்கு இன்னொருவர் வாசித்துப் பதில் போடலாம்.

அதை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதற்கு முதல் அப்படியொரு வகுப்பைக் கண்டதில்லை. எப்படித் தொடங்குவது, எவ்வளவு எழுதுவது, ஒன்றுமே தெரியாது. விரிவுரையை அப்படியே திரையில் ஏற்றுவது சரிவரவில்லை, கலந்துரையாடல்தான் கைகொடுத்தது. ஆனால் அதுவும் தானாக நடக்காது. அந்தக் குழுவில் வேலை செய்த தத்துவவியலாளர் அன்ட்ரூ பீன்பெர்க் இதைப் பிறகு விளக்கினார். வகுப்பறையில் ஒரு தலையாட்டல் போதும். திரையில் பதில் வராவிட்டால், எழுதினவருக்குத் தன் எழுத்து போய்ச் சேர்ந்ததோ எண்டே தெரியாது. ஆகவே நடத்துபவர் பதில் சொல்ல வேண்டும். சிதறிக் கிடக்கும் கருத்துகளை இடைக்கிடை சேர்த்துக் கட்டி, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். அதை அவர் ‘நெசவு’ என்றார்.

அந்த நெசவை நாங்களும் ஒருமுறை கண்டோம். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் பற்றிய பாடம். வகுப்புக்கு ரெண்டு நாளுக்கு முதல் ஒரு மிஸ் வட்ஸ்அப்பில் கேட்டா: “உங்கட வீட்டில இதைப் பற்றி என்ன கதைக்கிறவை? ஆளுக்கு மூண்டு வரி.” வகுப்பில் ரெண்டு பதில்களை வாசித்தா. ஒரு தாத்தா சிங்களச் சோதனை எழுத மறுத்து அரசாங்க வேலையை விட்டவர். மற்றவர் எழுதிப் பாஸாகி, பென்சன் வரைக்கும் இருந்தவர். “இவை ரெண்டு பேரும் சந்திச்சிருந்தா என்ன கதைச்சிருப்பினம்?”

ஒவ்வொரு மைக்காகத் திறந்தது. அன்றைக்கு நேரம் காணாமல் போனது.

வேலையை விட்ட தாத்தாவின் கதையை எழுதினவள், சிக்னல் இல்லாததால் அன்றைக்கும் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் நாங்கள் முழு நேரமும் கதைத்தது அவளின்ர மூண்டு வரியைத்தான்.