வாசிக்கத் தெரியாத சனத்துக்கு ஒரு பத்திரிகை

ஒரு மொழியைக் கதைக்கிற சனத்தில் கனபேருக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கப் பழகின ஆக்களுக்கோ அது சரளமாகக் கதைக்க வராது. இந்த இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

1899 இல் கேலிக் லீக் என்ற மொழி இயக்கம் டப்ளினில் தொடங்கிய 'அன் கிளைவ் சொலிஷ்' பத்திரிகைக்கு இதுதான் நிலைமை. பெயரின் பொருள் ஒளியின் வாள். மேற்கு அயர்லாந்தின் கிராமங்களில் ஐரிஷ் உயிரோடு இருந்தது. ஆனால் 1831 இல் தொடங்கிய தேசியப் பாடசாலைகள் அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில்தான் எழுத்தறிவித்தன. பத்திரிகையை வாங்கினவர்களில் பலர் மாலை வகுப்புகளில் ஐரிஷ் படித்த நகரத்து ஆக்கள். அதனால் பாதி ஐரிஷ், பாதி ஆங்கிலம்.

1903 இல் பற்றிக் பியர்ஸ் ஆசிரியரானபோது அவருக்கு வயது 23. (எங்களில் பலர் அசைன்மென்ற்றையே நேரத்துக்குக் குடுக்காத வயசு.) அப்ப பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது: எந்த ஐரிஷில் எழுதுவது? 17 ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீற்றிங் எழுதிய உரைநடைதான் அளவுகோல் என்றது ஒரு பக்கம். சனம் கதைக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ என்றார் பாதிரியார் பீற்றர் ஓலியரி. பியர்ஸும் பேச்சுமொழிப் பக்கம்தான். கொனமாராப் பேச்சில் சிறுகதைகள் எழுதித் தன் பத்திரிகையிலேயே போட்டார். கதையை இப்பிடித் திடீரென்று தொடங்குவது ஐரிஷ் மரபே இல்லை என்று பாதிரியார் ஹெனிப்ரி சண்டைக்கு வந்தார். பழைய கதைசொல்லியைப் போலத்தான் இன்றைக்கும் எழுதவேண்டுமா என்பது பியர்ஸின் பக்கம். நாங்களும் அந்தப் பக்கம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

1909 வரை பியர்ஸ் ஆசிரியராக இருந்தார். பத்திரிகையின் மிகப் பிரபலமான கட்டுரை அதற்குப் பிறகு, 1913 நவம்பர் 1 இல் வந்தது. எழுதியவர் முதல் ஆசிரியர் ஓவின் மக்நீல். வடக்கில் அல்ஸ்ரர்காரர் தொண்டர்படை கட்டியதுபோல தேசியவாதிகளும் கட்டலாம் என்றார். அந்த மாதம் 25 ஆம் திகதியே ஐரிஷ் தொண்டர்படை உருவானது. அதில் சேர்ந்த பியர்ஸ் 1916 ஈஸ்டர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, மே 3 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஐரிஷ் மொழிக்காகத் தொடங்கின பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரை முழுக்க ஆங்கிலம். முதலில் எங்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. மக்நீல் அதை ஐரிஷில் எழுதியிருந்தால் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று யோசித்த பிறகு சிரிக்க முடியவில்லை.