இசைத்தட்டு விளம்பர வடிவமைப்பு

காதுக்குரிய பாட்டைக் கண்வழி விற்கும் அச்சுக்கலை. 1940 வாக்கில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய உறைகள் வரைந்தார், உறையே விளம்பரமாயிற்று.

தமிழில் இசைத்தட்டு பெரும்பாலும் திரைப்பாடல்தான். ஆகவே நடிகர் முகமே முந்தியது. இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் காலத்தில் இசையமைப்பாளரின் பெயரும் ரசிகரை இழுத்தது.

நீலகிரி இக்கலைக்கு அருமையான நிலக்காட்சி தந்தது. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) கேத்தியில் படமானது. மணிரத்னத்தின் ‘தில் சே’ (1998, தமிழில் ‘உயிரே’) படத்துக்காக ரகுமான் அமைத்த ‘தைய்யா தைய்யா’ பாடலோ ஊட்டி மலை ரயிலின் கூரைமேல் படமானது. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். ஓடும் ரயில், மேலே ஆடுவோர், பின்னால் மலைச்சரிவு: பாட்டின் தாளம் ஒற்றை நிழற்படத்திலேயே தெரிகிறது. நீலகிரியில் படமான பாடல்களில் அச்சு விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை.