ஆற்றை மீட்ட குளங்கள்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில் காஹாங் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த வட்டாரம் அது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குச் செல்லும் வழியும் அங்கிருந்தே பிரிகிறது. ஒருபுறம் மனிதன் நட்ட மரங்கள். மறுபுறம் இயற்கை வளர்த்த கானகம். இரண்டையும் தழுவி ஓடும் நீர் தென்சீனக் கடலை அடைகிறது. தோட்டத்தில் நீருக்கு நேர்வது, அந்நீர் செல்லும் வழியெங்கும் உள்ள உயிர்களுக்கும் நேர்கிறது.

இத்தகைய வட்டாரங்களில் செம்பனை ஆலைகளின் பின்புறம் வரிசை வரிசையாகக் குளங்கள் காணப்படும். நீர் கருமையாக இருக்கும். மேற்பரப்பில் குமிழிகள் எழுந்து உடையும். புளித்த நாற்றம் வீசும். அறியாதார் அவற்றை அருவருப்புடன் கடந்து செல்வர். ஆனால், மலேசிய ஆறுகளின் அண்மைக்கால வரலாற்றில் இக்குளங்களுக்குத் தனியிடம் உண்டு.

செம்பனை இம்மண்ணிற்குரிய மரம் அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வாணிக நோக்குடன் பயிரிடப்பட்டது. எனினும், நெடுங்காலம் ரப்பரே அரசு செலுத்தியது. ரப்பரின் விலை தளர்ந்த பின்னரே செம்பனைக்குக் காலம் கனிந்தது. கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டா, தன் முதல் செம்பனைத் திட்டத்தை 1961இல் ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில் தாயிப் அண்டாக் என்னும் இடத்தில் தொடங்கியது. தனியார் தோட்டங்களிலும் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பால்மரத்தைச் சீவிப் பழகிய தமிழர் கைகள் குலை வெட்டவும் உதிரிப் பழம் பொறுக்கவும் கற்றுக்கொண்டன. 1960இல் ஒரு இலட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 1970இல் நான்கு இலட்சம் டன்னைத் தாண்டியது. 1980இல் 25 இலட்சம் டன்னையும் கடந்தது.

எண்ணெய் பெருகியதுபோலவே கழிவும் பெருகியது. செம்பனைக் குலைகளை ஆலையில் நீராவியால் வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைத் தெளியவைத்துப் பிரிக்க மிகுந்த நீர் தேவை. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் வெளியேறும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் நீரே. எஞ்சியவை எண்ணெயும் நாரும் பழச்சக்கையும். நஞ்சு என்று சொல்லத்தக்க இரசாயனப் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும், அது கலந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன.

நஞ்சில்லாத கழிவு ஆற்றை எவ்வாறு கொன்றது? இதற்கு விடை நுண்ணுயிர்களிடம் உள்ளது. எண்ணெயையும் சக்கையையும் உண்டு வாழும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரில் எப்போதும் உள்ளன. உணவு திடீரெனப் பெருகினால் அவையும் கோடிக்கணக்கில் பெருகும். பெருகியவை நீரில் கரைந்துள்ள உயிர்வளியை, அதாவது பிராணவாயுவை, உறிஞ்சித் தீர்த்துவிடும். ஒரு லிட்டர் ஆலைக்கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளி தேவை. தூய ஆற்றுநீர் ஒரு லிட்டரில் இருப்பதோ ஏறத்தாழ 8 மில்லிகிராம் மட்டுமே. எனவே, ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டர் ஆற்றுநீரின் உயிர்வளியைப் பறிக்க வல்லது. மீன்கள் மூச்சுத் திணறியே இறந்தன. நுண்ணுயிர்கள் செய்தது துப்புரவுப் பணிதான். செய்த இடமே தவறானது.

அப்பணியை ஆற்றிலிருந்து குளத்திற்கு மாற்றியது சட்டம். 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆலைகள் உரிமம் பெற வேண்டும். வெளியேற்றும் மாசின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். 25,000 மில்லிகிராமாக இருந்த உயிர்வளித் தேவை, 1978இல் 5,000, 1979இல் 2,000, 1980இல் 1,000, 1981இல் 500, 1982இல் 250 எனப் படிப்படியாகக் குறைந்து, 1984இல் 100 மில்லிகிராமுக்குள் அடங்க வேண்டும் என வரையறுக்கப்பட்டது. ஆலைகளை ஒரே நாளில் மூடாமலும் அவற்றை உறங்கவிடாமலும் அமைந்த ஏற்பாடு இது.

அவ்வரையறையை எட்ட உதவியவை குளங்களே. கொதிக்கக் கொதிக்க வரும் கழிவுநீர் முதலில் ஆறவிடப்படும். மிதக்கும் எண்ணெய் வழித்தெடுக்கப்படும். பின்னர் அது காற்றுப் புகாத ஆழ்குளங்களில் வாரக்கணக்கில் தங்கும். அங்கு ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் எண்ணெயைக் கிளிசராலாகவும் கொழுப்பமிலங்களாகவும் உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றை எளிய அமிலங்களாக மாற்றும். இறுதிக் கூட்டம் அவ்வமிலங்களை மீத்தேன் வாயுவாக்கும். ஒன்று கழித்தது மற்றொன்றுக்கு உணவு. இச்சங்கிலியில் மீத்தேன் உண்டாக்கும் கூட்டமே மிகவும் மென்மையானது; எண்ணெயோ அமிலமோ மிகுந்தால் அது சோர்ந்துவிடும், குளமும் புளித்துவிடும். ஆகவே, கழிவை அளவறிந்து செலுத்துவதே குளம் காப்பவரின் முதற்கடமை. அதன்பின் ஆழமற்ற குளங்களில், காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் எஞ்சிய மாசைத் தின்று முடிக்கும். அடியில் தங்கும் வண்டல் உலர்த்தப்பட்டு மீண்டும் செம்பனைக்கே எருவாகும்.

எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர் என்றவுடன் கற்றோர் நினைவில் தோன்றுபவர் வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அமெரிக்காவில் பணியாற்றிய அவர், கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கும் ஆற்றலை ஒரே நுண்ணுயிரில் சேர்த்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை உண்டா என்ற வழக்கு எழுந்தது. 1980 ஜூன் 16இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், உண்டு எனத் தீர்ப்பளித்தது. ஆனால், புகழ்பெற்ற அந்நுண்ணுயிர் திறந்த கடலில் பயன்படுத்தப்படவில்லை. 1989இல் அலாஸ்கா கரையோரம் எக்சன் வால்டெஸ் கப்பல் எண்ணெயைச் சிந்தியபோது, கரையில் தூவப்பட்டது நைட்ரஜனும் பாஸ்பரசும் அடங்கிய உரம். எண்ணெயைத் தின்றவை அக்கரையிலேயே வாழ்ந்த நுண்ணுயிர்கள். கடற்கரையில் உரம் செய்ததை, மலேசிய ஆலைகளில் குளம் செய்தது. புதிய உயிரைப் படைப்பதைவிட, இருக்கும் உயிருக்கு ஏற்ற இடமும் காலமும் அளிப்பதே இரண்டிலும் பயன் தந்தது.

விதிமுறைகள் நடைமுறைக்கு வந்த பின்னர், உற்பத்தி பெருகியபோதும் ஆறுகளில் கலந்த ஆலை மாசு பெருமளவு குறைந்தது. எனினும், கதை முற்றுப்பெறவில்லை. வண்டலைத் தூர்க்காத குளம் கொள்ளளவை இழக்கும். பெருமழையில் கரை உடைந்தால் பழைய அவலம் மீண்டும் ஆற்றிற்கே திரும்பும். மேலும், குளங்களிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடேற்ற வல்லது. நீரைக் காத்த குளம் காற்றைக் கெடுத்தது. அவ்வாயுவைப் பிடித்து மின்சாரமாக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டிற்குள் எல்லா ஆலைகளும் அதைச் செய்ய வேண்டும் என்ற இலக்கு முழுமையாக நிறைவேறவில்லை.

நுண்ணுயிர்கள் மாறவில்லை, ஆற்றைக் கொன்றவையும் அவையே, மீட்டவையும் அவையே. மாறியது அவற்றுக்கு மனிதன் அளித்த இடமும், அவனைக் கட்டுப்படுத்திய சட்டமும், குளக்கரையில் நாள்தோறும் நின்று கண்காணிக்கும் தொழிலாளியின் விழிப்பும் ஆகும். இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும், அதன் பயனை முதலில் அனுபவிப்போர் ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்வோரே.