சுடுகாட்டு மல்லி

சத்திரம் பேருந்து நிலையத்தை விட்டுக் காவிரிப் பக்கம் நடந்தால் ஓயாமரி சுடுகாடு. பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி ஒன்று இருக்கிறது. அதற்கு இடத்தைப் பொறுத்துப் பெயர். வீட்டு வாசலில் பூத்தால் நித்யகல்யாணி. பிணம் எரியும் இடத்தில் பூத்தால் சுடுகாட்டு மல்லி. ஊர், சேரி என்று நிலத்தைப் பிரித்தவர்கள் செடியையும் விட்டுவைக்கவில்லை.

எங்க தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். "ஆடு மாடு கடிக்காது, தண்ணி கேக்காது, நம்மள மாதிரியே கெடக்கும்" என்பார். சர்க்கரை நோய்க்கு அந்தப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிப்பது எங்க சனங்களிடம் இருந்தது.

அது இந்த மண்ணில் தோன்றிய செடியல்ல. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. ஜமைக்காவிலும் வேர்விட்டது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்கள் அங்கே அதே சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் அஞ்சலில் கனடா போயின. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த வழியில் போய் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டார்கள். பிறகு அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினைப் பிரித்தெடுத்தது. 1963இல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் முக்கிய மருந்துகளில் ஒன்று.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இது பயிரானது. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவ வேண்டும். பன்னிரண்டாம் மாதம் செடியை அறுத்து, நிலத்தை உழுது, வேரைப் பொறுக்கிக் காயவைக்க வேண்டும். வெயிலில் குனிந்து இதையெல்லாம் செய்வது கூலிக்காரப் பெண்கள்தான்.

பாட்டன் வைத்தியம் எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. இந்த இலையை அளவு தெரியாமல் அரைத்துக் குடித்தால் விஷம். என் கேள்வி வேறு. மதிப்பு தெரிந்ததும் செடியின் தீட்டு கழிந்துவிட்டது. அதன் மருந்து எந்தச் சாதிக்காரன் ரத்தத்திலும் ஏறலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தச் செடி நடுவே குழி வெட்டியவன் கையால் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்க மட்டும் ஏன் இன்னும் யோசிக்கிறார்கள்?