குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் எத்தனை மாதம் ஜெயில்? லைசென்சு என்ன ஆகும்? முழு விவரம்

'ஒரு கட்டிங் தானே, யாருக்குத் தெரியப் போகுது' என்று வண்டியை எடுப்பவர்கள் நம் ஊரில் நிறைய பேர். ஆனால் போலீசாரிடம் சிக்கினால் ஒரு மாத சம்பளமே காலியாகி விடும். ஆட்டோ, வேன், லாரி ஓட்டிப் பிழைப்பவர் என்றால் பிழைப்பே போய்விடும்.

எவ்வளவு இருந்தால் குற்றம்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். டூவீலர், கார், லாரி எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். எந்த சரக்கு, எத்தனை ரவுண்டு என்று சட்டம் பார்ப்பதில்லை. ஊதும் கருவி காட்டும் அளவைத்தான் பார்க்கும்.

கஞ்சா போன்ற போதைப்பொருளுக்கு இந்த 30 கணக்கு கிடையாது. வண்டியை கட்டுப்பாட்டில் வைக்க முடியாத அளவுக்கு போதை இருந்தாலே குற்றம்தான். கஞ்சா அடித்ததற்கு தனி சட்டத்தில் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

தண்டனை என்ன?

மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவின்படி:

* முதல் தடவை: 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.
* மறுபடியும் சிக்கினால்: 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.15 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதிக்கு முன்பு முதல் தடவை அபராதம் ரூ.2 ஆயிரம் வரைதான் இருந்தது. இந்த வழக்கை ரோட்டிலேயே பணம் கட்டி முடிக்க சட்டத்தில் இடம் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

லைசென்சு கதி

பலருக்குத் தெரியாத விஷயம் இது. குற்றம் நிரூபணமானால், குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்ட கோர்ட்டு தடை போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டிரைவர் வேலை பார்ப்பவருக்கு அபராதத்தை விட இதுதான் பெரிய அடி.

ஊத மாட்டேன் என்றால்?

குடித்திருப்பதாக போலீசாருக்கு சந்தேகம் இருந்து, ஊத மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அதே நேரம் நமக்கும் உரிமை உண்டு. 185-வது பிரிவில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனை நடத்த வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

கூட வந்தவருக்கும் வழக்கு

போதையில் இருப்பவரை வண்டி ஓட்டத் தூண்டினாலோ, தெரிந்தே சாவியைக் கொடுத்தாலோ 188-வது பிரிவு பாயும். ஓட்டியவருக்கு என்ன தண்டனையோ, அதே தண்டனைதான். 2022-ல் சென்னை போலீசார் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் மீதும் இப்படி வழக்கு போட ஆரம்பித்தனர்.

உயிர் போனால்

விபத்தில் யாராவது இறந்தால் 5 ஆண்டு வரை ஜெயில். சாவு நேரும் என்று தெரிந்தே ஓட்டியதாக கோர்ட்டு கருதினால் 10 ஆண்டு வரை போகலாம். மும்பையில் 2006-ம் ஆண்டு நவம்பரில் குடிபோதையில் ஓட்டிய கார் ஏறி, நடைபாதையில் தூங்கிய 7 கூலித்தொழிலாளர்கள் பலியானார்கள். ஓட்டியவருக்கு விதித்த 3 ஆண்டு தண்டனையை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

போதையில் மோதினால் சொந்த வண்டி சேதத்துக்கு இன்சூரன்சும் கைவிட்டு விடும்.

குடித்த அன்று வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு ஆட்டோவிலோ பஸ்சிலோ வீடு திரும்புங்கள். 10 ஆயிரத்தோடு பார்த்தால் ஆட்டோ காசு ஒன்றுமே இல்லை.